போக்ரன் பக்கம் போர் (ஆழ்துளைக் கிணறு) போடலாமா? ரிக் (துளை போடும் வண்டி) அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

மணல்மருமகன்:
ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவன். மனைவிக்கு ஊர் ராஜஸ்தான். போக்ரனிலிருந்து ஜெய்சல்மேர் போகும் சாலையில், லாட்டியைத் தாண்டி உள்ளே ஒரு டாணி, அதாவது வயல் நடுவே நாலைந்து வீடு. மாமனார் வீட்டில் தண்ணீருக்கு டாங்கா ஒன்றுதான். தரைக்கடியில் வட்டத் தொட்டி, சுற்றிலும் சரிவாகப் பூசிய தரை. அதில் விழும் மழை உள்ளே இறங்கும். பிப்ரவரியில் அடி தட்டிவிடும். அப்புறம் டிராக்டர் டேங்கர்தான். ஆள் ஏழு பேர். மாடு, ஆடு தனி.

போர் போட்டுவிடலாம் என்கிறேன். "உப்புத் தண்ணீர்தான் வரும்" என்கிறார் மாமனார். பக்கத்து டாணியில் 400 அடியில் வந்த தண்ணீரில் டீ போட்டால் பால் திரிந்துவிடுகிறது, அது உண்மை. மனைவிக்கு வேறு பயம். 2024 டிசம்பர் 28-ல் ஜெய்சல்மேர் மாவட்டத்து மோகன்கட்டில் போர் போடும்போது தண்ணீர் பீறிட்டு, ரிக் வண்டியே குழிக்குள் போனதே, அந்த வீடியோவைப் பார்த்ததிலிருந்து பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுகிறாள்.

உள்ளூர்க்காரர் 500 அடிக்கு மொத்தமாக ஒரு தொகை பேசுகிறார். ஜோத்பூர் பக்கம் திருச்செங்கோட்டு ரிக் வண்டி ஒன்றும் நிற்கிறதாம். நம்ம ஊர் வண்டி, நம்பிக் கூப்பிடலாமா?

பிட்டும்ராடும்:
அண்ணா, நம்ம ஊர் வண்டி என்பதற்காகவே கூப்பிடாதீங்க. நானே திருச்செங்கோடுதான், 11 வருசம் ரிக்கில் இருந்தவன். நம் வண்டி பாறைக்கான வண்டி. கம்ப்ரசர் காற்றில் ஹேமர், அதாவது துளை முனையில் இருக்கும் சுத்தியல், அடிக்கும். நாமக்கல்லில் மேல் மண்ணுக்கு மட்டும் கேசிங் (சுவர் சரியாமல் தாங்கும் பைப்) இறக்கினால் போதும், கீழே பாறை தானாக நிற்கும். லாட்டி பக்கம் மணற்கல், நடுநடுவே களி. காற்றில் அடித்தால் சுவர் சரிந்து ஹேமர் மாட்டிக்கொள்ளும். பார்மேர் பக்கம் ஒருமுறை 180 அடியில் மாட்டி, இரண்டு நாள் இழுத்துப் பார்த்துவிட்டு ஒன்பது ராடை (துளையிடும் கம்பி) அங்கேயே விட்டு வந்தோம். முதலாளி ஊர் வரும்வரை பேசவில்லை.

சேற்றுத் தண்ணீரைச் சுற்றவிட்டு ஓட்டும் ரோட்டரி வண்டியைத் தேடுங்க. மேலிருந்து கீழ்வரை பைப் இறங்க வேண்டும். தண்ணீர் வரும் மட்டத்தில் ஸ்லாட் (தண்ணீர் உள்ளே வரக் கீறிய வெட்டு) போட்ட பைப், அதைச் சுற்றி சரளை. அவர் பேசும் தொகையில் இதெல்லாம் சேர்த்தியா? பெரும்பாலும் இருக்காது. துளை போடுவதைவிட பைப்தான் பணத்தைத் தின்னும்.

இன்னொன்று. நம் பக்கம் தண்ணீர் வருமா, வெறும் புகையா என்றுதான் வயிறு கலங்கும். அங்கே எந்தத் தண்ணீர் என்பதில்தான் சூதாட்டம். துளை போட்டதும், பைப் இறக்கும் முன், எலக்ட்ரிக் லாகிங், அதாவது துளைக்குள் கருவி இறக்கி மட்டத்துக்கு மட்டம் மின்தடையை அளப்பது, செய்யச் சொல்லுங்க. உப்பு மட்டம் எது, நல்ல தண்ணீர் எது என்று ஓரளவு தெரியும். உப்பு மட்டத்தை அடைத்துவிட்டு ஸ்லாட் வைக்கலாம். பக்கத்து டாணியில் எல்லா மட்டத்தையும் திறந்து விட்டிருப்பார்கள் என்று என் சந்தேகம்.

கிணற்றடி:
நிலத்தடி நீர்த் துறையில் வேலை பார்த்தவன். மோகன்கட்டில் போனது சுமார் 850 அடி. களிப்படலத்துக்கு அடியில் அழுத்தத்தில் கிடந்த தண்ணீர், கூடவே வாயு. வீட்டுப் போர் எல்லாம் இப்படி ஆகாது என்று உங்கள் மனைவியிடம் சொல்லுங்கள். லாட்டி மணற்கல்லில் சாந்தன் என்ற ஊர்ப் பக்கம் நல்ல தண்ணீர் உண்டு, ஆனால் சில கிலோமீட்டர் தள்ளினால் கதை மாறும். வந்தாலும் லிட்டருக்கு டி.டி.எஸ். (கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த அளவு) 2000 மில்லிகிராமுக்குள், ஃப்ளோரைடு 1.5 மில்லிகிராமுக்குள் இருக்கிறதா என்று பார்க்காமல் குடிக்கக் கூடாது. ஃப்ளோரைடை நாக்கு கண்டுபிடிக்காது.

அதற்கு முன் டாங்காவைச் சுற்றியுள்ள பூச்சுத் தரையை அளந்தீர்களா? ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை என்றால் 1 லிட்டர். வருட மழை 150 மி.மீ. என்றே வையுங்கள். 200 சதுர மீட்டர் தரைக்கு 30,000 லிட்டர், வீணானது போக 20,000 தேறும். ஏழு பேர் குடிக்க, சமைக்க நாளுக்கு 70 லிட்டர் என்றால் ஒன்பது மாதம் தாண்டும். தொட்டி அதைத் தாங்குமா என்றும் பாருங்கள்.

மணல்மருமகன்:
இன்று காலை கயிறு பிடித்து அளந்தேன். 12 மீட்டர் விட்டம், 113 சதுர மீட்டர்தான். உங்கள் கணக்குப்படி ஐந்தேகால் மாதம். பிப்ரவரியில் ஏன் தட்டுகிறது என்று இப்போதுதான் தெரிகிறது! மாமனாரிடம் சொன்னேன். "இதைத்தான் நாலு வருசமாகச் சொல்கிறேன், சிமெண்ட் வாங்கிக் கொடு" என்கிறார். தொட்டி 25,000 லிட்டர் பிடிக்குமாம். சரி, தரையை அகலமாக்க சிமெண்ட் சொல்லியாகிவிட்டது. மாட்டுக்காவது போர் வேண்டுமே, அதனால் பக்கத்து டாணித் தண்ணீரை இரண்டு பாட்டிலில் பிடித்துச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறேன்.

பிட்டும்ராடும்:
பிடிக்கும் முன் மோட்டாரைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, பாட்டிலை அதே தண்ணீரில் அலசினீங்களா அண்ணா?

மணல்மருமகன்:
இல்லை. நாளைக்கு மறுபடி போகிறேன்.