போரில் சேராத நாட்டின் போர்க்கால ரிப்பன்

அயர்லாந்து ராணுவப் பதக்கம் என்று ஆரம்பித்தால் பேச்சு நேரே பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரான 1916 ஈஸ்டர் எழுச்சிக்குப் போய்விடுகிறது. பச்சையும் ஆரஞ்சும் சரிபாதியாக ஓடும் ரிப்பன். அதில் தொங்கும் பதக்கத்தில், டப்ளின் தலைமைத் தபால் நிலையத்தில் இருக்கும் ஆலிவர் ஷெப்பர்டின் சிலையைப் பார்த்துச் செதுக்கிய, உயிர் பிரியும் நிலையில் உள்ள ஐரிஷ் புராண வீரன் கூஹுலின். அழகானதுதான், மறுக்கவில்லை. ஆனால் விலை தலைக்கு மேல், போலிகளும் ஏராளம். நான் தேடிப் போவது, இரண்டாம் உலகப் போரில் நடுநிலை வகித்த அயர்லாந்து, அந்த ஆண்டுகளில் காவல் இருந்த தன் மக்களுக்குக் கொடுத்த ரிப்பனை. அங்கே அந்தக் காலத்துக்கு 'எமர்ஜென்சி' என்று பெயர். 1939 செப்டம்பரிலிருந்து 1946 மார்ச் வரையிலான சேவைக்கான பதக்கம் அது. ரிப்பன் செம்மஞ்சள் நிறம், நடுவில் வெள்ளைக் கோடு.

கோடு ஒன்றா இரண்டா என்பதில்தான் விஷயமே இருக்கிறது. ராணுவத்தில் இருந்தவருக்கு ஒற்றைக் கோடு. விமானத் தாக்குதல் தற்காப்புப் பிரிவான ஏ.ஆர்.பி., செஞ்சிலுவைச் சங்கம் போன்றவற்றுக்கு இரட்டைக் கோடு. பதக்கத்தின் முன்புறம் எல்லோருக்கும் ஒன்றுதான்: வேட்டை நாயுடன் ஒரு பெண். எந்தப் பிரிவு என்பது பின்புறத்தில் ஐரிஷ் மொழியில் இருக்கும். பெற்றவர் பெயர் எங்கேயும் இருக்காது. அதனால் பின்புறத்தையும் ரிப்பனையும் சேர்த்துப் பார்க்காமல் காசை எடுக்கக் கூடாது.

டப்ளினில் ஒரு நாணயக் கண்காட்சியில் வயதான டீலர் ஒருவர் இதை எனக்குச் செய்தே காட்டினார். தட்டில் வரிசையாக வைத்திருந்த பதக்கங்களில் ஒன்றைத் திருப்பினார். பின்புறம் ஏ.ஆர்.பி., ரிப்பனோ ஒற்றைக் கோடு. "யாரோ பழைய ரிப்பன் நைந்துபோனதும் கையில் கிடைத்ததை மாட்டிவிட்டார்கள். இதில் ஏமாற்று எதுவும் இல்லை, ஆனால் ஜோடி சேராது" என்றார். அப்புறம் ஒரு யூ.வி. (புற ஊதா) டார்ச்சை எடுத்து இன்னொரு ரிப்பன் மேல் அடித்தார். வெள்ளைக் கோடு நீலமாகப் பளிச்சென்று எரிந்தது. நூலை வெளுப்பாகக் காட்டும் ரசாயனங்கள் போருக்குப் பிறகுதான் பரவலாக வந்தன. ஆகவே ஒளிர்ந்தால் அது பிற்காலத்து ரிப்பன் என்பது டீலர்கள் கணக்கு.

இந்தக் கணக்கை ஒரு பாட்டி உடைத்தார். அவருடைய அப்பா டப்ளின் ஏ.ஆர்.பி. வார்டனாக இருந்தவர். 1941 மே 31 அதிகாலையில் நார்த் ஸ்ட்ராண்டில் ஜெர்மன் குண்டு விழுந்து 28 பேர் இறந்தார்களே, அந்த இடிபாடுகளுக்குள் ஆட்களைத் தேடியவர்களில் ஒருவர். இரட்டைக் கோட்டு ரிப்பன், பின்புறமும் சரியாகவே இருந்தது. ஆனால் டார்ச் அடித்தால் கோடுகள் ஒளிர்கின்றன. நான் முகத்தைச் சுளித்திருப்பேன் போல. "என்னப்பா, அழுக்கா?" என்று கேட்டுவிட்டு, அவரே சொன்னார்: அப்பாவின் நினைவு நாள் வரும்போதெல்லாம் ரிப்பனைக் கழற்றி, சோப்புத் தூள் போட்டு அலசி, இஸ்திரி போட்டு மறுபடி மாட்டுவாராம். சோப்புத் தூளில் அதே ரசாயனம் உண்டு. டார்ச்சை மட்டும் நம்பி ஒரு ரிப்பனைத் தள்ளிவிடாதீர்கள். ஓரத்தில் பிரிந்து நிற்கும் நூல் இருந்தால் ஒரு இழையை எரித்துப் பார்க்கலாம். பட்டு என்றால் முடி கருகும் வாடை, ரேயான் என்றால் காகிதம் எரியும் வாடை, பாலியஸ்டர் என்றால் உருகி மணியாகச் சுருளும். அதற்கு முன் உரிமையாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நான் கேட்டதற்கு அந்தப் பாட்டி ஒத்துக்கொள்ளவில்லை, விற்கவும் இல்லை. டீ கொடுத்தார், அவ்வளவுதான்.

என்னை ரொம்ப நாள் யோசிக்க வைத்த சந்திப்பு கார்க் பக்கம் ஒரு வீட்டில். ஒரே பிஸ்கட் டப்பாவில் இரண்டு ஆரஞ்சு ரிப்பன்கள். ஒன்று, அந்தக் குடும்பத்துச் சகோதரர்கள் இருவரில் அண்ணனுடைய எமர்ஜென்சி ரிப்பன். மற்றது தம்பியுடையது. அதில் நடுவே ஆரஞ்சு, இரு ஓரமும் பச்சை, ஒவ்வொரு பச்சைக்குள்ளும் மெல்லிய கறுப்புக் கோடு: பிரிட்டனின் டிஃபென்ஸ் மெடல். மங்கிய வெளிச்சத்தில் இரண்டையும் ஒரே கூட்டமாக நினைத்துவிடலாம். தம்பியும் முதலில் ஐரிஷ் ராணுவத்தில்தான் இருந்தாராம். சொல்லாமல் கொள்ளாமல் எல்லை தாண்டி, பிரிட்டன் வசமிருந்த வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் போய் பிரிட்டிஷ் ராணுவத்தில் சேர்ந்துவிட்டார். இப்படிப் போனவர்கள் சுமார் 5,000 பேர். 1945-ல் ஐரிஷ் அரசு ஒரே ஆணையில் அவர்களை நீக்கி, ஓய்வூதிய உரிமையைப் பறித்து, ஏழு ஆண்டுகளுக்கு அரசு வேலையும் கிடையாது என்றது. மன்னிப்புச் சட்டம் வந்தது 2013-ல்தான். தம்பியின் ரிப்பனை வெளியில் யாரிடமும் காட்டியதில்லை என்று அந்த வீட்டுக்காரர் சொன்னார். அண்ணன் தன் ரிப்பனை ஒருமுறைகூட குத்திக்கொண்டதில்லையாம். ஏன் என்று கேட்டதற்கு வீட்டுக்காரருக்கும் தெரியவில்லை. அந்த ஜோடியைப் பிரித்து வாங்க எனக்கு மனம் வரவில்லை. மொத்தமாகக் கேட்டால் அவர் தரமாட்டார் என்றும் தெரிந்தது. படம் மட்டும் எடுத்துக்கொண்டேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். 1916 பதக்கமும், பாதி கறுப்பு பாதி பழுப்பாக இருக்கும் சுதந்திரப் போர் பதக்கமும்கூட இதே போர் ஆண்டுகளில் ஏற்படுத்தப்பட்டவைதான். முந்தையது 1941-ல், எழுச்சியின் 25-ஆம் ஆண்டில். எனவே போர்க்காலத்து ரிப்பன் என்று கண்டிப்பாகப் பார்த்தால் அவையும் கணக்கில் வரும். சுதந்திரப் போர் பதக்கம் வாங்குகிறவர்கள் 'கோம்ராக்' என்று பொறித்த பட்டையைக் கவனியுங்கள். களத்தில் சண்டையிட்டவர்களுக்கு மட்டும் தந்தது அது. பட்டை இருந்தால் விலை எகிறும், அதனால் பின்னாளில் பட்டையை மட்டும் சேர்த்து மாட்டுவதும் நடக்கிறது. பெயரும் கதையும் சொல்லி விற்றால், டப்ளின் ரத்மைன்ஸில் உள்ள ராணுவ ஆவணக் காப்பகத்தின் ஓய்வூதிய, பதக்கக் கோப்புகளை இணையத்தில் தேடிப் பாருங்கள். ஒரு விற்பனையாளர் சொன்ன வீரர் பெயரை நான் அவர் எதிரிலேயே தேடத் தொடங்கியதும், "என் மாமா சொன்னது, எனக்குத் தெரியாது" என்று விலையைப் பாதியாக்கினார். வாங்கவில்லை.

எனக்கு இன்னும் கிடைக்காதது வணிகக் கப்பல் மாலுமிகளுக்கான எமர்ஜென்சி பதக்கம். ஆயுதமில்லாத கப்பல்களில், பக்கவாட்டில் கொடியைப் பெரிதாக வரைந்துகொண்டு போனவர்கள். 1942-ல் 'ஐரிஷ் பைன்' 33 பேருடன் மூழ்கியது. 1943 டிசம்பர் கடைசியில் 'கெர்லோக்' என்ற குட்டிக் கப்பல், பிஸ்கே விரிகுடாவில் தத்தளித்த 168 ஜெர்மன் மாலுமிகளை ஏற்றிக்கொண்டு, புத்தாண்டு நாளில் அயர்லாந்தின் கோவ் துறைமுகம் வந்து சேர்ந்தது. அந்தப் பதக்கம் யாரிடமாவது அசல் ரிப்பனோடு இருந்தால் விற்க வேண்டாம், இரண்டு பக்கமும் பகல் வெளிச்சத்தில் படம் எடுத்துப் போடுங்கள். ரிப்பனின் பின்பக்கத்தையும் மறக்காமல் எடுங்கள். வெயில் படாத நிறம் அங்கேதான் இருக்கும்.