மறுமொழி: மேடை ரிப்பேர் வசூல் – சிலை வேண்டாம், வேஷ அறையைக் கட்டுவோம்

எல்லாருக்கும் வணக்கம்.

நம் ஊர் நாடக மேடையை ரிப்பேர் செய்யப் பணம் வசூலிப்பது பற்றி மூன்று நாளாக வந்த மடல்களை எல்லாம் படித்துவிட்டு ரங்கூனிலிருந்து எழுதுகிறேன். போன கும்பாபிஷேகக் கணக்கு வராமல் ஒரு காசு தரமாட்டேன் என்கிறார் மோல்மேனில் இருக்கிற அண்ணன். அவர் கேட்பது நியாயம். பொருளாளர் மாமா, அந்த நோட்டைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்து இங்கேயே போட்டுவிடுங்கள்.

பினாங்கு மாமா, மேடைக்கு முன்னால் ஆச்சி மனோரமாவுக்குச் சிலை வைக்கலாம், ஊருக்கே பெருமை என்று எழுதியிருக்கிறார். அவர் மன்னார்குடிக்காரர், நமக்கு என்ன சொந்தம் என்று கேட்கிறான் டர்பன் தம்பி. தம்பி, 1937இல் பிறந்தது மன்னார்குடிதான். ஆனால் அப்பா கைவிட்ட பிறகு அம்மாவோடு வந்து வளர்ந்தது நம் காரைக்குடி பக்கத்துப் பள்ளத்தூரில். கோபிசாந்தா என்ற பிள்ளை 12 வயதில் நாடகத்தில் ஏறி, மனோரமா ஆனதும் மேடையில்தான். செட்டிநாட்டுப் பெண்களை நாம் கூப்பிடுகிற 'ஆச்சி'தானே அவருக்குக் கடைசிவரை பேராக ஒட்டிக்கொண்டது? அதற்கு மேல் என்ன சொந்தம் வேண்டும்?

ஆனாலும் மாமா, எனக்குச் சிலையில் மனம் ஒப்பவில்லை. என் அத்தை மகள் மாசித் திருவிழாவுக்கு ஊருக்குப் போய் வந்தாள். அன்று ராத்திரி வள்ளி திருமணம். மேடைக்குப் பின்னால் வேஷம் கட்டுகிற அறையில் பாதி ஓடு சரிந்து கிடக்கிறதாம், கதவே இல்லை. வள்ளியாக வந்த பெண்ணைச் சுற்றி இரண்டு பேர் பழைய சேலையை விரித்துப் பிடித்துக்கொள்ள, அதற்குள் நின்றுதான் அவள் உடுத்தியிருக்கிறாள். ஆர்மோனியக்காரர் அந்தப் பக்கம் திரும்பி நின்றபடி செல்போன் விளக்கைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்ட, பவுடர் டப்பா மூடியில் இருந்த துண்டுக் கண்ணாடியைப் பார்த்து நெற்றிச்சுட்டி வைத்தாளாம். விடிய விடிய நாடகம், ஒதுங்க இடமில்லை. அதனால் சாயங்காலத்திலிருந்து தண்ணீரே குடிக்கவில்லை என்று அவளே சொல்லியிருக்கிறாள். இதைக் கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஆச்சியும் இப்படித்தானே ஆரம்பித்தார். எஸ்.எஸ்.ராஜேந்திரன் நாடகக் குழுவில் எத்தனை ஊர் சுற்றியிருப்பார். அப்புறம்தான் 1958இல் கண்ணதாசன், அவரும் நம் சிறுகூடல்பட்டிக்காரர், 'மாலையிட்ட மங்கை'யில் நகைச்சுவை வேஷம் கொடுத்தார். 1963இல் கதாநாயகியாகவும் நடித்துப் பார்த்தவர், அதன் பிறகும் நகைச்சுவையை விடவில்லை. 1000 படங்களுக்கு மேல், டிவி தொடர் வரைக்கும். அண்ணா, கருணாநிதி இருவரோடும் மேடையில், எம்.ஜி.ஆர்., ஜெயலலிதா, என்.டி.ராமாராவ் மூவரோடும் சினிமாவில் நடித்தவர். 1989இல் வந்த 'புதிய பாதை'க்குத் தேசிய விருது, 2002இல் பத்மஸ்ரீ. 2015 அக்டோபரில் அவர் போன செய்தி வந்த அன்று எங்கள் தெருவில் நாலு வீட்டில் அவர் படம்தான் ஓடியது.

எங்கள் தலைமுறைக்கு இங்கே தமிழ்ப் பள்ளிக்கூடம் கிடையாது. எழுத்தைக் கோயிலில் ஞாயிற்றுக்கிழமை சொல்லிக்கொடுத்தார்கள். பேச்சை நான் பாதி அப்பாவிடமும் பாதி ஆச்சியிடமும் கற்றேன். 'தில்லானா மோகனாம்பாள்' கேசட்டில் ஜில் ஜில் ரமாமணி வருகிற இடத்தை அப்பா திரும்பத் திரும்ப ஓட்டி, அந்த இடத்தில் மட்டும் டேப் தேய்ந்து கோடு கோடாக விழும். "நம்ம பக்கத்து நாடகக்காரிக இப்படித்தான் பேசுவாக"ன்னு சொல்லுவார், கையில் டீ ஆறிக்கொண்டிருக்கும். 1964இல் சொந்தக்காரர்கள் எல்லாம் பர்மாவை விட்டுக் கப்பல் ஏறியபோது இங்கேயே நின்றவர் அவர். ஊர்க்கோயிலுக்கு வருஷம் தவறாமல் அனுப்பியவர். அப்பா தவறியபோது நம் சங்கத்திலிருந்து ஒரு வரி இரங்கல்கூட வரவில்லை. யார் செயலாளராக இருந்தார் என்பது எல்லாருக்கும் தெரியும். அது என் மனதில் அப்படியே இருக்கிறது. இருந்தாலும் இதற்கு நான் கொடுக்கிறேன், அப்பா பேரில்.

சிலைக்கு ஆகிற பணத்தில் அந்த அறையைக் கட்டிவிடலாம். ஓடு மாற்றி, ஆளுயரக் கண்ணாடி, நல்ல விளக்கு, ஒட்டினாற்போல் ஒரு கழிவறை. ஆச்சி பேரை அறை வாசலில் எழுதுங்கள். வேஷம் கட்ட உள்ளே போகிற பெண்கள் படிக்கட்டும்.

என் பங்கை அத்தை மகளிடம் ஏற்கெனவே கொடுத்தாயிற்று, மோல்மேன் அண்ணனுக்கு ரசீது அனுப்பச் சொல்லியிருக்கிறேன். பினாங்கு மாமா சித்திரையில் ஊருக்குப் போகும்போது கதவுக்கு அளவெடுத்து ஆசாரியிடம் சொல்லிவிட்டு வரட்டும். வெளிப்பக்கம் பூட்டுக் கொக்கி மட்டும் வைத்துவிடப் போகிறார்கள் மாமா, உள்பக்கம் தாழ்ப்பாள் கட்டாயம் வேண்டும் என்று சொல்லுங்கள்.