ஹோகார்த்தின் படங்கள் ஏழைகளைச் சென்றடைந்தனவா?

மைக்கூடு:
18ஆம் நூற்றாண்டு லண்டனில் ஓவியத்தைச் செல்வந்தர் மாளிகையிலிருந்து தெருவுக்குக் கொண்டுவந்தவர், ஓவியரும் அச்சுப்படச் செதுக்குநருமான வில்லியம் ஹோகார்த் என்பது என் கருத்து. 1751இல் வெளியான ‘ஜின் லேன்’ அச்சுப்படத்தில், ஜின் என்னும் மதுவின் போதையில் மூக்குப்பொடி எடுக்கும் தாயின் பிடியிலிருந்து குழந்தை தலைகீழாக விழுகிறது. ஒருபுறம் தச்சர் தம் ரம்பத்தையும் ஒரு பெண் தன் சமையல் பாத்திரங்களையும் அடகுக் கடைக்காரரிடம் நீட்டுகிறார்கள். எழுத்தறியாதவருக்கும் விளங்கும் இந்த நீதிக்கதையின் விலை ஒரு ஷில்லிங் மட்டுமே.

செலவுக்கணக்கு:
அந்த ஒரு ஷில்லிங்கை யார் கொடுத்திருப்பார்கள் ஐயா? கூலித்தொழிலாளிக்கு வாரம் முழுதும் உழைத்தாலும் ஏறத்தாழ பத்து ஷில்லிங்தான் கிடைத்தது. 1732இல் வந்த ‘ஒரு விலைமாதின் வாழ்க்கைப் பாதை’ ஆறு படங்களும் சேர்ந்து ஒரு கினி, அதாவது 21 ஷில்லிங். 1747இன் ‘உழைப்பும் சோம்பலும்’ தொடரிலோ, தொழில் பழகும் இருவரில் உழைத்தவன் லண்டன் மேயராகிறான், சோம்பேறி லண்டனின் தூக்குமேடைத் திடலான டைபர்னில் தூக்கிலேறுகிறான். வேலையாளிடம் முதலாளி சொல்ல விரும்பும் கதை இது, வேலையாள் தானே தேடி வாங்கும் கதையன்று.

மைக்கூடு:
வாங்கியவர்களை மட்டும் எண்ணுகிறீர்கள், பார்த்தவர்களை விட்டுவிட்டீர்கள். அச்சுப்படக் கடைகளின் கண்ணாடிச் சன்னலில் காசில்லாமலே பார்க்க முடிந்தது. ‘உழைப்பும் சோம்பலும்’ படங்களை விலை குறைவாக இருக்கவேண்டும் என்றே அவர் நுணுக்கமின்றி எளிய கோடுகளில் செதுக்கினார்.

செலவுக்கணக்கு:
உண்மையில் விலையைக் குறைத்தவர்கள் திருட்டு அச்சுக்காரர்கள். அவர்களைத் தடுக்கவே ஹோகார்த் முன்னின்று 1735ஆம் ஆண்டுச் சட்டத்தைக் கொண்டுவரச் செய்தார். தகட்டில் செதுக்கி அச்சிடும் செதுக்கோவியங்களுக்கு அதனால் 14 ஆண்டுப் பதிப்புரிமை கிடைத்தது. அது ஜூன் 25 அன்று நடைமுறைக்கு வரும்வரை ‘ஊதாரியின் வாழ்க்கைப் பாதை’ தொடரையே அவர் நிறுத்தி வைத்திருந்தார்.

மைக்கூடு:
அதே தொடருக்கு மலிவான சிறு நகல்களை வெளியிட அச்சுப்பட வணிகர் தாமஸ் பேக்வெல்லுக்கு அனுமதி தந்தவரும் அவர்தானே?

மரக்கட்டை:
இடையில் ஒரு சொல். ‘கொடுமையின் நான்கு கட்டங்கள்’ தொடரை ஏழைகளுக்காகவே மரச்செதுக்கில் மலிவாக அச்சிட அவர் எண்ணினார். ஜான் பெல் இரண்டு படங்களைச் செதுக்கியதும், எதிர்பார்த்ததைவிடச் செலவு கூடியதால் அம்முயற்சி கைவிடப்பட்டது. நான்கும் செப்புத்தகட்டிலேயே வெளிவந்தன. அவருடைய நோக்கத்தை நான் ஐயுறவில்லை. இடறியது தொழில்நுட்பமும் செலவும்.

செலவுக்கணக்கு:
நோக்கம் இருந்ததை ஏற்கிறேன். ஆயினும் சன்னலில் எட்டிப் பார்த்தவரை வாசகராகக் கணக்கிடுவதை இன்னமும் ஏற்கமாட்டேன்.