புதுப்பிப்பு: அப்பாவின் கல்ச்சர் ரிப்போர்ட் வந்துவிட்டது

இடுப்பெலும்பு ஆபரேஷனுக்குப் பிறகு ஐசியுவில் இருந்த அப்பாவுக்குச் சிறுநீர்த் தொற்று, மெரோபெனம் என்ற வலுவான ஆன்டிபயாடிக் போட்டும் காய்ச்சல் இறங்கவில்லை என்று எழுதியிருந்தேன். விசாரித்த எல்லாருக்கும் நன்றி. இப்போது காய்ச்சல் இல்லை. நேற்று அவரே இட்லி கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

கல்ச்சர் என்பது சிறுநீரிலுள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை. அதில் வந்தது கிளெப்சியெல்லா என்ற பாக்டீரியா. ரிப்போர்ட்டில் மருந்துகளுக்கு எதிரே வரிசையாக ‘ஆர்’, அதாவது அந்த மருந்து கேட்காது. மரபணுச் சோதனையில் என்டிஎம் நொதி என்று வந்தது, மெரோபெனம் போன்ற மருந்துகளை உடைத்துவிடும் நொதி. 2008-இல் டெல்லியில் சிகிச்சை பெற்றுத் திரும்பிய சுவீடன் நோயாளி ஒருவரிடம் முதலில் கண்டறியப்பட்டது இதுதான். 2010-இல் வெளியான ஆய்வில் சென்னை மாதிரிகளிலும் இருந்தது.

கோலிஸ்டின் என்ற கடைசிக்கட்ட ஆன்டிபயாடிக் கொடுக்கலாமே என்று சிலர் கேட்டிருந்தீர்கள். அது சிறுநீரகத்தைப் பாதிக்கும். அப்பாவுக்கு ஏற்கெனவே கிரியாட்டினின் அதிகம், அதாவது சிறுநீரகம் சரியாக வேலை செய்யவில்லை. அதனால் செஃப்டாசிடிம்-அவிபாக்டம் என்ற கூட்டு மருந்தோடு அஸ்ட்ரியோனம் என்ற இன்னொரு ஆன்டிபயாடிக்கையும் சேர்த்துப் போட்டார்கள். அஸ்ட்ரியோனத்தை என்டிஎம்மால் உடைக்க முடியாது. உடைக்கக்கூடிய மற்ற நொதிகளை அவிபாக்டம் கட்டிப்போட்டுவிடும். எவ்வளவு நுட்பமான யோசனை! விலைதான் மலைக்க வைக்கிறது.

சிறுநீர் வெளியேற வைத்திருந்த கதீட்டர் குழாயையும் எடுத்துவிட்டார்கள், பெரிய நிம்மதி. கிருமி மற்றவர்களுக்குப் பரவாமலிருக்கத் தனி அறை, உள்ளே வருபவர்களுக்கு கவுன், கையுறை. கையில் ஹேண்ட் ரப் போடாமல் உள்ளே வரப் பார்த்த டாக்டரை நர்ஸ் ஒருவர் “சார், கை” என்று வாசலிலேயே நிறுத்தினார். அவரைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது.

காய்ச்சல் போனாலும் குடலில் இந்தக் கிருமி மாதக்கணக்கில் தங்கலாம். அடுத்து எங்கே சேர்த்தாலும் முதலிலேயே சொல்லச் சொன்னார்கள். ரிப்போர்ட்டை ஜெராக்ஸ் எடுத்து ஃபைலில் முதல் பக்கமாக வைத்துவிட்டேன்.