மண்வெட்டிக் காம்பால் அடித்துக் கை முறிந்திருக்கிறது, எஃப்.ஐ.ஆரில் வெறும் 115(2) பிரிவு போதுமா?

கேள்வி (மேலூர்ப் பக்கம்)
போன வாரம் மடை திறப்பதில் பங்காளி வீட்டோடு தகராறு. மண்வெட்டியைத் திருப்பிப் பிடித்துக் காம்பால் ஓங்கினார்கள். தலைக்கு வந்த அடியைத் தம்பி இடது கையால் தடுத்தான். பெரியாஸ்பத்திரி எக்ஸ்ரேயில் முன்கை எலும்பு முறிவு, மாவுக்கட்டு போட்டிருக்கிறது. எஃப்.ஐ.ஆரில் புதுக் குற்றவியல் சட்டமான பி.என்.எஸ். (பாரதிய நியாய சன்ஹிதா) பிரிவுகளில் 296(பி) (ஆபாசமாகத் திட்டுவது), 115(2) (காயப்படுத்துவது), 351(2) (மிரட்டுவது) மட்டும்தான். 'ஃபைன் கட்டினால் முடிந்தது' என்கிறார்கள். தம்பி லோடு வண்டி டிரைவர், ஸ்டியரிங் பிடிக்க முடியாமல் கிடக்கிறான். அம்மாவோ ராஜியாகப் போகலாம் என்று அழுகிறார்.

பதில் 1
பழைய ஐ.பி.சி. (இந்திய தண்டனைச் சட்டம்) 323தான் 2024 ஜூலை 1 முதல் 115(2). ஓராண்டு வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அபராதத்தோடு முடியவும் வாய்ப்புண்டு.

பதில் 2
தம்பி, நான் மதுரை கோர்ட்டில் வக்கீல் குமாஸ்தா. அந்தப் பிரிவோடு விட்டுவிடாதீர்கள். எலும்பு முறிந்தாலே 116-ன்படி கொடுங்காயம். அதற்கு 117(2), ஏழாண்டு வரை சிறையும் அபராதமும். எஃப்.ஐ.ஆர். போட்ட அன்று எக்ஸ்ரே வந்திருக்காது, அதனால் 115 போட்டிருப்பார்கள். காயச் சான்று வந்ததும் போலீஸ் பிரிவை மாற்றி, அதைத் தெரிவிக்கும் ஆல்டரேஷன் ரிப்போர்ட்டை மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்பலாம். எக்ஸ்ரே நகலோடு இன்ஸ்பெக்டருக்கு மனு எழுதிக் கொடுத்து ரசீது வாங்குங்கள். அசையவில்லை என்றால் எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்புங்கள்.

காம்பு ஆபத்தான ஆயுதமா என்பது அதன் கனத்தையும் அடித்த விதத்தையும் பொறுத்தது. ஆமென்றால் 118(2), குறைந்தது ஓராண்டு சிறை, ஆயுள் வரை போகும். அதனால் ஒன்று கேட்கிறேன்: ஆஸ்பத்திரி ஏ.ஆரில் (அடிபட்டு வந்தவர் சொன்னதை எழுதும் விபத்துப் பதிவேடு) எதனால் அடித்ததாக எழுதியிருக்கிறது? வலியில் தம்பி முதலில் சொன்ன வார்த்தையைத்தான் எதிர்த்தரப்பு வக்கீல் பிடிப்பார்.

கேள்வி கேட்டவர்
இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன் ஐயா. 'தெரிந்த நபர் ஒருவர் மண்வெட்டிக் காம்பால் தாக்கியதாக' என்று இருக்கிறது. ராஜி பற்றிச் சொல்லுங்கள்.

பதில் 2
நல்லது, அதற்கு மேல் ஒரு வார்த்தை கூட்டிச் சொல்ல வேண்டாம். ராஜி ஆவது அடிபட்டவர் கையில், அம்மா முடிவு செய்ய முடியாது. 115(2) என்றால் தம்பியே ராஜியாகலாம். 117(2)-க்குக் கோர்ட் அனுமதி வேண்டும். 118(2) ராஜிக்கு உட்படாது, ஹைகோர்ட் மதுரைக் கிளையில் ரத்து மனு போட்டுத்தான் பார்க்க வேண்டும். மாவுக்கட்டு பிரிக்கும் வரை எந்த வெள்ளைத்தாளிலும் அவனைக் கையெழுத்துப் போட விடாதீர்கள். வக்கீலுக்குப் பணம் இல்லையென்றால் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுங்கள்.