பேட்டரி பீச்சின் பழைய உயிர்காப்பு கிளப்: வரலாறு எழுத எங்கிருந்து தொடங்கலாம்?

வடகரை:
வணக்கம். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பேட்டரி பீச் இந்தியர்களுக்கென்று ஒதுக்கப்பட்டிருந்த காலத்தில் அங்கே காவல் நின்ற உயிர்காப்பு கிளப்பின் வரலாற்றைத் தொகுக்கிறோம். ஒரு மினிட்ஸ் (கூட்டக் குறிப்பு) புத்தகமும், தேதியில்லாத போட்டோக்களும், சில சான்றிதழ்களும் கிடைத்திருக்கின்றன. போட்டோக்களுக்கு எப்படி ஆண்டு குறிப்பது? மினிட்ஸில் இல்லாததை எங்கே தேடுவது?

அலைக்கயிறு:
முகங்களை விட்டுவிட்டு முதலில் கருவிகளைப் பாருங்கள். கயிறு சுற்றிய பெரிய மர ரீலும், இடுப்பில் பெல்ட் கட்டிய ஒருவரும் தெரிந்தால் பழைய முறை. 1906-இல் சிட்னியில் தொடங்கியது அது. பெல்ட்காரர் நீந்திப் போவார், கரையில் நிற்பவர்கள் கயிற்றை விட்டுக்கொடுத்து, பிறகு இழுப்பார்கள். கயிற்றில் கடல்பாசி சிக்கினால் அந்தப் பாரமே அவரை நீருக்குள் இழுத்துவிடும். அந்த முறை மெல்ல வழக்கொழிந்ததற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் போட்டிகளில் ரீல் நெடுநாள் நீடித்தது. அதனால் ரீல் இருக்கிறது என்பதற்காக மட்டும் 'பழையது' என்று எழுதிவிடாதீர்கள். ரப்பர் டக் என்ற, காற்றடைத்த மோட்டார் படகு தெரிந்தால் 1970களுக்கு முன் போகவே வேண்டாம்.

இன்னும் நல்ல தடயம் மூச்சூட்டும் பயிற்சி. குப்புறக் கிடப்பவரின் இடுப்பருகே மண்டியிட்டு, இரு கைகளாலும் கீழ் விலாவை அழுத்தினால் ஷேஃபர் முறை. தலைமாட்டில் மண்டியிட்டு, முதுகை அழுத்திவிட்டு முழங்கைகளைப் பிடித்துத் தூக்கினால் ஹோல்கர் நீல்சன் முறை, பெரும்பாலும் 1950கள். மல்லாக்கப் படுக்கவைத்து வாயோடு வாய் ஊதினால் 1960ஐ ஒட்டியோ அதற்குப் பின்போ. சான்றிதழ்களிலும் முறையின் பெயர் இருக்கிறதா பாருங்கள்.

பின்னணியில் அறிவிப்புப் பலகை தெரிந்தால் பெரிதாக்கிப் படியுங்கள். வெள்ளையரைக் குறிக்க 'யூரோப்பியன்' என்ற சொல் பழைய பலகைகளில் வரும். 'ஒயிட் ரேஸ் குரூப்' என்றிருந்தால் பிந்தையது.

ஏடும்எழுத்தும்:
கிளப் மினிட்ஸ் பாதிக் கதைதான். கிளப் காவல் கோபுரமும் கயிறும் கேட்டது, அது மறுக்கப்பட்டது எல்லாம் நகரசபைக் கோப்புகளுக்குள் கிடக்கும். தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையத் தேடலில் டர்பன் நகர எழுத்தரின் தொகுப்புக் குறியீடு 3/டிபிஎன். 'இந்தியன்' என்று மட்டும் தேடினால் பல கோப்புகள் தப்பிவிடும். 'ஏஷியாட்டிக்', 'நான்-யூரோப்பியன்', 'பேதிங்' என்றும் போட்டுப் பாருங்கள். அப்புறம் ஆண்டுதோறும் வந்த மேயரின் அறிக்கையான மேயர்ஸ் மினிட், 1940இல் தொடங்கிய 'லீடர்' வார இதழ், குவாசூலு-நட்டால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்திலுள்ள காந்தி-லுத்துலி ஆவண மையம்.

பெயர்களில்தான் நிறைய பேர் சறுக்குகிறார்கள். ஒரே ஆள் ஒரு பக்கத்தில் கவுண்டன், இன்னொன்றில் கோவெண்டர். சில பட்டியல்களில் அப்பா பெயரே குடும்பப் பெயராகிவிடும். ஒரு அட்டவணை போட்டு எல்லா எழுத்துக்கூட்டலையும் அருகருகே வையுங்கள், எதையும் 'திருத்த' வேண்டாம்.

சட்டப் பின்னணி சுருக்கமாகப் போதும்: பொது இடங்களை இனவாரியாகப் பிரித்த 1953 தனி வசதிகள் சட்டம், கடற்கரையையும் கடலையும் அதற்குள் கொண்டுவந்த 1960 திருத்தம், 1990இல் நீக்கம். டர்பன் நகரசபை விதிகள் தனி. அவற்றை இந்தச் சட்டத்தோடு கலந்துவிடாதீர்கள்.

சீன்வலை:
1927இல் தொடங்கிய வெள்ளையர் கிளப்பை முதல் வரியில் வைத்து நம் கதையை அதன் பின்குறிப்பாக எழுதாதீர்கள் என்பது என் வேண்டுகோள். 1917 அக்டோபரில் உம்கேனி ஆறு பெருகி, அதன் கரையில் இந்தியர்கள் வாழ்ந்த டின் டவுன் குடியிருப்பு மூழ்கியபோது, மாரிமுத்து படவட்டான் தலைமையில் ஆறு மீனவர்கள் திரும்பத் திரும்பப் படகு செலுத்தி 176 பேரைக் கரைசேர்த்தார்கள். அங்கிருந்து தொடங்குங்கள்.

ஏடும்எழுத்தும்:
அண்ணா சொல்வது முன்னுரைக்கு அருமையாகப் பொருந்தும். ஆனால் அந்த மீனவர் குடும்பங்களிலிருந்துதான் கிளப் பிறந்தது என்று எழுத வேண்டுமானால் மினிட்ஸிலோ உறுப்பினர் பட்டியலிலோ ஆதாரம் வேண்டும். இல்லையென்றால் இரண்டையும் தனித்தனி அத்தியாயமாக வையுங்கள். அவர்கள் செய்தது இன்னொருவர் கதைக்கு முட்டுக்கொடுக்கத் தேவையில்லாத அளவுக்குப் பெரியது.

வடகரை:
மிக்க நன்றி. மினிட்ஸ் புத்தகத்தில் பல பக்கங்கள் ஈரத்தில் ஒட்டிக் காய்ந்திருக்கின்றன. பிரிக்கலாமா?

அலைக்கயிறு:
இழுக்கவே இழுக்காதீர்கள். மை கரையுமா என்று முதலில் பாருங்கள்: ஈரப் பஞ்சு நுனியால் ஓரத்து எழுத்து ஒன்றைத் தொடுங்கள். நீலம் ஒட்டினால் அங்கேயே நிறுத்திவிட்டு, காகிதப் பாதுகாப்பு தெரிந்தவரிடம் கொடுங்கள். ஒட்டவில்லை என்றால் மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டியில் ஒரு தட்டில் ஈரப் பஞ்சு வைத்து, புத்தகம் அதில் படாமல் மேலே கம்பி வலையில் சில மணி நேரம் வையுங்கள். காகிதம் தளர்ந்ததும் மெல்லிய, முனை மழுங்கிய தகட்டை ஓரத்திலிருந்து நகர்த்துங்கள். ஒரு நாளுக்கு மேல் விட்டால் டர்பன் வெக்கையில் பூஞ்சை பிடிக்கும். பிரித்த பக்கங்களுக்கு இடையே வெள்ளை ஒற்றுத்தாள் வைத்து, துருப்பிடித்த ஊசிகளை எடுத்துவிட்டு, 600 டிபிஐயில் ஸ்கேன் செய்யுங்கள். லேமினேஷன் மட்டும் யார் சொன்னாலும் வேண்டாம்.