ஏற்காட்டில் எழுதும் மகஜர், சேலத்தில் வரும் தீர்ப்பு: நிரபராதி எங்கே சிக்குகிறார்?

சேர்வராயன்:
சுருளி அருவி வழக்கு பலருக்கும் நினைவிருக்கும். 2011-ல் தேனி மாவட்டத்தில் நடந்த இரட்டைக் கொலை. விசாரணை நீதிமன்றம் தூக்கு விதித்தது, மதுரைக் கிளை உறுதி செய்தது, 2025 ஜூலை 15-ல் உச்சநீதிமன்றம் அந்த மனிதரை விடுதலை செய்தது. டி.என்.ஏ. மாதிரி எடுத்தபின் யார் கையில், எந்த நிலையில் இருந்தது என்பதற்குக் கோப்பில் ஒழுங்கான பதில் இல்லை. இனி மாதிரி 48 மணி நேரத்துக்குள் ஆய்வகம் சேர வேண்டும், கைமாறும் ஒவ்வொரு முறையும் பதிவேட்டில் ஏற வேண்டும் என்று நாடு முழுமைக்கும் உத்தரவு போட்டார்கள்.

இதையே நம்ம ஊருக்கு வைத்துப் பார்ப்போம். ஏற்காட்டில் ஒரு கொலை, சந்தேகம் எஸ்டேட் கூலி ஒருவர் மேல் விழுகிறது. ஆய்வகமெல்லாம் பிற்பாடு. அவரை முதலில் சிக்க வைப்பது கைப்பற்றல் மகஜர்தான், அதாவது போலீஸ் ஒரு பொருளைக் கைப்பற்றும்போது சாட்சிகள் முன்னால் எழுதும் பதிவுதான் என்கிறேன்.

அரசுத்தரப்பு:
ஒப்புக்கொள்ள முடியாது சார். கண்ணால் பார்த்தவன் பயந்து பிறழ்ந்துவிட்டால், மிச்சம் இருப்பது மகஜரும் பொருளும்தான். ஓமலூர் கோகுல்ராஜ் ஆணவக்கொலை வழக்கில் முக்கிய சாட்சியே பிறழ்ந்துபோனார். திருச்செங்கோடு கோயில் சி.சி.டி.வி. பதிவு இல்லையென்றால் அந்த வழக்கு என்ன ஆகியிருக்கும்? 2023-ல் உயர்நீதிமன்ற நீதிபதிகள் இருவரும் கோயிலுக்கே நேரில் போய்ப் பார்த்துவிட்டு, பிறகுதான் ஆயுள் தண்டனையை உறுதி செய்தார்கள்.

மறுபக்கம் சென்னைச் சிறுமி கொலை வழக்கைப் பாருங்கள். 2018-ல் தூக்கு, 2025 அக்டோபரில் விடுதலை. பெற்றவர்களுக்கு யார் பதில் சொல்வது? ஏட்டில் இருக்கிற சின்னச் சின்ன ஓட்டைக்கெல்லாம் விடுதலை என்றால், பாதிக்கப்பட்டவன் எங்கே போவான்?

அஸ்தம்பட்டி வக்கீல்:
நீங்கள் சொன்ன இரண்டு வழக்குமே சேர்வராயன் பக்கம்தான் பேசுகின்றன. முதலாவதில் பதிவை எடுத்து வந்து நிரூபித்தார்கள், அது நின்றது. சென்னை வழக்கில் சி.சி.டி.வி. பற்றிப் பேச்சு இருந்தது, பதிவு நீதிமன்றத்துக்கு வரவேயில்லை. எதிரிக்கு, அதாவது குற்றம் சாட்டப்பட்டவருக்கு, சட்ட உதவி வக்கீல் கிடைத்து நாலே நாளில் சாட்சி விசாரணை ஆரம்பம். இது சின்ன ஓட்டையா? ஒழுங்காகச் செய்திருந்தால் அவன் குற்றவாளியா இல்லையா என்பது அங்கேயே தெளிந்திருக்கும். அரைகுறைப் புலன்விசாரணையில் குற்றவாளியும் தப்புவான், நிரபராதியும் சிக்குவான்.

மகஜருக்கு வருவோம். போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் செல்லாது. அதில் ஒரு சின்ன வாசல் மட்டும் திறந்திருக்கிறது: பழைய சாட்சியச் சட்டம் 27-ம் பிரிவு, 2024 ஜூலையிலிருந்து புதிய சாட்சியச் சட்டத்தின் 23-ம் பிரிவு வரம்புரை (விதிவிலக்கு வாசகம்). ‘கொடுவாளைக் கூரையில் சொருகி வைத்திருக்கிறேன், எடுத்துத் தருகிறேன்’ என்ற வாக்கியம் உள்ளே வரும். ‘அதால்தான் வெட்டினேன்’ என்பது வராது. வெள்ளைக்காரர் காலத்து உச்ச மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சிலிலேயே இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டார்கள்.

நடப்பது என்ன? முழுக் கதையும் ஒரே மூச்சில் எழுதப்படுகிறது. அதில் ‘அனுமதிக்கத்தக்க பகுதி’ என்று இரண்டு வரியைப் பிரித்துச் சான்றாவணம் ஆக்குகிறார்கள். அத்தாட்சிக்கு வி.ஏ.ஓ.வும் அவர் உதவியாளரும். எந்த வழக்கை எடுத்தாலும் ‘தாமாக முன்வந்து’ என்ற அதே சொல், அதே வரிசை. எதிரி இந்த மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியாக, கைநாட்டுக்காரராக இருந்தால், தன் வாயில் என்ன வார்த்தை வைக்கப்பட்டிருக்கிறது என்றே அவருக்குத் தெரியாது.

2022-ல் உச்சநீதிமன்றம் இதற்கு வரிசை சொன்னது. சாட்சிகள் முதலில் காவல் நிலையத்துக்கு வரவேண்டும். எதிரி சொல்வதை அவர் சொன்ன வார்த்தையிலேயே, அவர்கள் முன்னால் எழுத வேண்டும். அதே சாட்சிகள் கூடவே போய்ப் பொருள் எடுப்பதைப் பார்க்க வேண்டும். பொருள் கிடைத்த இடத்துக்கு வி.ஏ.ஓ.வை நேராக வரச்சொல்லிக் கையெழுத்து வாங்கினால் முதல் பாதி காணாமல் போகிறது.

அரசுத்தரப்பு:
வரிசை தெரியாமல் இல்லை. ஊர்க்காரர் யாரும் சாட்சிக் கையெழுத்துப் போட வருவதில்லை, அதனால்தான் வி.ஏ.ஓ. இப்போது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.-ஸின் 105-ம் பிரிவு வந்துவிட்டது. தேடுதல், கைப்பற்றல், பட்டியலில் கையெழுத்து எல்லாவற்றையும் ஒலி ஒளிப்பதிவு செய்து, தாமதமில்லாமல் மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்ப வேண்டும். செல்போனே போதும். இனி ‘பார்த்தாரா பார்க்கவில்லையா’ என்ற சண்டைக்கே இடமில்லை.

அஸ்தம்பட்டி வக்கீல்:
இடம் இருக்கிறது. வீடியோ எங்கே ஆரம்பிக்கிறது என்று பாருங்கள். எதிரி கூரைக்குக் கீழே நிற்கும்போது ஆரம்பித்தால் அது கையை நீட்டும் காட்சி மட்டும்தான். பொருள் அங்கே ஏற்கெனவே வைக்கப்பட்டதா என்பதை அது சொல்லாது. நிலையத்தில் வாக்குமூலம் எழுதும்போதே ஓட ஆரம்பிக்க வேண்டும். கோப்பு மாற்றப்படவில்லை என்று காட்டும் ஹாஷ் மதிப்பும், புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ம் பிரிவுச் சான்றிதழின் இரண்டு பகுதிகளும் இல்லாமல் வந்தால் அதுவும் தகராறுதான்.

ஆய்வுக்கூடம்:
யாரும் தொடாத ஒரு விஷயம், பொட்டலம். ரத்தம் தோய்ந்த சட்டையை ஈரத்தோடு பாலிதீன் பையில் கட்டி அனுப்புகிறார்கள். ஏற்காட்டுப் பனி ஈரத்தில் இரண்டு மூன்று நாளில் பூஞ்சை பிடிக்கும், பாக்டீரியா டி.என்.ஏ.வைத் தின்றுவிடும். நிழலில், காற்றில் உலர்த்தி, ஒவ்வொரு துணியையும் தனித்தனிக் காகித உறையில் போட வேண்டும். எதிரியின் துணியும் இறந்தவரின் துணியும் ஒரே பையில் வந்தால் அந்தச் சோதனையே வீண். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு ரத்தம் ஒட்டியிருக்கலாம்.

இன்னொன்று. ‘மனித ரத்தம், ரத்தப் பிரிவு உறுதி செய்ய இயலவில்லை’ என்று அறிக்கை போனால், அந்த ரத்தம் இறந்தவருடையது என்று அர்த்தமில்லை. காப்பித் தோட்டத்தில் கவாத்துக் கத்தி பிடிக்கிறவர் தன் கையையே கிழித்துக்கொள்வார். தீர்ப்பில் அந்த வரி ‘விஞ்ஞானப் பூர்வ ஆதாரம்’ என்று மாறுவதுதான் வேதனை.

அரசுத்தரப்பு:
இதை ஏற்கிறேன், உலர்த்துவது பயிற்சிக் குறைதான். ஆனால் 48 மணி நேரக் கெடுவை யோசியுங்கள். சேலத்திலேயே வட்டார ஆய்வகம் இருக்கிறது, மலையிறங்க ஒரு மணி நேரம். தாமதம் மலையில் இல்லை. இங்கே நடைமுறை என்ன? சான்றுப்பொருள் படிவம் 95-ல் நீதிமன்றம் போகும். அதை ஆய்வுக்கு அனுப்பக் கோரி விசாரணை அதிகாரி மனு கொடுப்பார். நீதிமன்றக் கடிதம் தயாரானபின் ஒரு காவலர் எடுத்துப் போவார். நடுவில் சனி ஞாயிறு வந்தால்? விசாரணை அதிகாரியை மட்டும் கூண்டில் ஏற்றுவது நியாயமில்லை. தாமதமானால் காரணத்தை நாட்குறிப்பில் எழுதி, மாதிரி கெடாமல் பாதுகாத்தால் போதும் என்று அதே தீர்ப்பு இடம் கொடுக்கிறது.

சேர்வராயன்:
சரியான சுட்டல். அப்படியானால் நீதிமன்றச் சொத்து எழுத்தரின் பதிவேட்டையும் அந்தச் சங்கிலியில் சேர்க்க வேண்டும். பொருள் வந்த தேதி மட்டும் போதாது, நேரமும் முத்திரையின் நிலையும் வேண்டும்.

மலைக்கே உரிய இரண்டு சிக்கலைச் சொல்கிறேன். ஒன்று செல்போன் டவர். லேடீஸ் சீட் பக்கம் மலை விளிம்பில் நிற்கிறவர் போன், கீழே சேலத்து டவரைப் பிடிக்கலாம். அழைப்பு விவரத்தில் ‘எதிரி சம்பவ நேரத்தில் சேலத்தில்’ என்று வரும், ஆள் மேலே இருப்பார். தலைகீழாகவும் நடக்கும். டவர் முகவரியை ஆளின் முகவரியாக வாசித்தால் வழக்கு கெட்டது.

இரண்டு, வெளிச்சம். கார்த்திகை மாதப் பனியில் பத்தடி தள்ளி நிற்கும் ஆள் தெரியாது. மின்வாரிய அதிகாரியைக் கூண்டேற்றி அன்று மின்சாரம் இருந்தது என்று நிரூபிக்கிறார்கள். கம்பத்தில் விளக்கு எரிந்ததா, சாட்சி நின்ற இடத்திலிருந்து எத்தனை மீட்டர், நடுவில் சில்வர் ஓக் மரம் மறைத்ததா? சம்பவ இடத்தைப் பார்த்து எழுதும் பார்வை மகஜரிலும் வரைபடத்திலும் இது இருக்க வேண்டும். பெரும்பாலும் ஒரு வட்டமும் நாலு எண்ணும்தான் இருக்கும்.

அஸ்தம்பட்டி வக்கீல்:
அடையாளம் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு மகாராஷ்டிர வழக்கே போதும். 2003-ல் குற்றம், நாடோடி இனத்தவர் ஆறு பேர். 2009-ல் உச்சநீதிமன்றமே ஆறு பேருக்கும் தூக்கு என்றது. 2019-ல் அதே உச்சநீதிமன்றம் ஆறு பேரையும் விடுதலை செய்தது. நேரில் பார்த்த சாட்சி முதலில் போலீஸ் படத்தொகுப்பில் வேறு நாலு பேரைக் காட்டியிருந்தார், அந்தத் தடத்தில் யாரும் போகவில்லை. தலைக்கு 5 லட்சம் கொடுக்கச் சொன்னார்கள், பதினாறு வருடத்துக்கு.

அதுவும் நீதிமன்றம் மனது வைத்ததால். சட்டத்தில் காரணமின்றிக் கைது செய்யப்பட்டவருக்கு என்ன கிடைக்கும் தெரியுமா? பி.என்.எஸ்.எஸ். 399-ன்படி அதிகபட்சம் 1000 ரூபாய். சட்ட ஆணையம் 2018-ல் 277-வது அறிக்கையில் தனிச் சட்டமும் சிறப்பு நீதிமன்றமும் கேட்டது. இன்னும் வரவில்லை.

அரசுத்தரப்பு:
இங்கேதான் நான் நிற்பேன். சந்தேகத்தின் பலன் கொடுத்து விடுதலை என்பது நிரபராதி என்ற தீர்ப்பு இல்லை. சாட்சியை மிரட்டிப் பிறழ வைத்தவனுக்கும் அரசு பணம் கொடுக்குமா?

சேர்வராயன்:
அவனுக்குக் கேட்கவில்லை. 2013-ல் ஆந்திர வன அதிகாரிகள் இருவர் கொலையில் 287 பேரைப் பிடித்தார்கள், பெரும்பாலும் தமிழ்நாட்டு மரவெட்டிகள். 2016-ல் திருப்பதி நீதிமன்றம் மொத்தப் பேரையும் விடுவித்தது. அதில் ஒருவர்கூட ஆதாரமில்லாமல் பிடிக்கப்பட்டவர் இல்லை என்று உங்களால் சொல்ல முடியுமா?

அரசுத்தரப்பு:
முடியாது. ஆனால் யார் நிரபராதி என்று தனியாக நிரூபிக்கும் பொறுப்பு இழப்பீடு கேட்பவருக்குத்தான் இருக்க வேண்டும்.

அஸ்தம்பட்டி வக்கீல்:
சிறையில் இருந்தவர் கையில் ஆதாரம் எப்படி இருக்கும் சார்? ஆதாரம் நிலையத்துக் கேமராவில் இருக்கிறது. உச்சநீதிமன்றத்தின் 2020 டிசம்பர் உத்தரவுப்படி பதிவு 18 மாதம் இருக்க வேண்டும், வசதி இல்லையென்றால் குறைந்தது ஒரு வருடம். கைது மாலை ஆறு மணி என்று ஆவணம் சொல்லும், கேமராவில் முந்தின நாள் காலையே ஆள் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். குற்றப்பத்திரிகை வரட்டும் என்று காத்திருந்தால் பதிவு அழிந்துவிடும். ரிமாண்ட் செய்யும் அன்றே, கேமரா இருக்கும் இடம், தேதி, மணி குறிப்பிட்டு, பாதுகாத்து வைக்க மாஜிஸ்திரேட்டிடம் மனு போட வேண்டும். வக்கீல் வைக்க வசதியில்லை என்றால் சேலம் நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, தேசியச் சட்ட உதவி எண் 15100.

அரசுத்தரப்பு:
அந்த மனுவை அரசுத் தரப்பு எதிர்க்கக் கூடாது, அதுவரை உங்களோடு ஒத்துப்போகிறேன். கைது நேரம் உண்மையாக இருந்தால் போலீஸுக்கும் அந்தப் பதிவுதான் பாதுகாப்பு. இழப்பீட்டில் மட்டும் என் கருத்து மாறவில்லை.